புராஜெக்டை நீக்காதீர்கள்: மேலாண்மைப் புலத்தின் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

மேலாண்மை இளநிலைப் படிப்பின் இறுதி செமஸ்டரில் இருக்கும் தனிநபர் புராஜெக்டை வரும் கல்வியாண்டு முதல் நீக்குவதாக உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. ஒரு நிறுவனத்துக்குப் போய், அங்கே நடக்கும் வேலையை நேரில் பார்த்து, ஒரு சிக்கலை எடுத்து ஆராய்ந்து, அறிக்கை எழுதி, வைவா என்ற வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்து பதில் சொல்லும் ஒரே பாடம் அது. அதன் இடத்தில் ஆறு பேர் சேர்ந்து ஒரு நிறுவனத்தை நடத்துவது போலக் கணினியில் ஆடும் சிமுலேஷனும், அந்த ஆறு பேருக்கும் ஒரே மதிப்பெண்ணும், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு தேர்வும் வருகின்றன. இந்த முடிவை நான் ஏற்கவில்லை. புராஜெக்டை முடித்து வெளியேறப் போகிறவள் நான். என் மதிப்பெண்ணையோ பட்டத்தையோ இந்த மாற்றம் தொடாது. அடுத்து வருகிறவர்களிடமிருந்து எதைப் பறிக்கிறீர்கள் என்பதை, அதைச் செய்து பார்த்த ஒருத்தி சொல்லியாக வேண்டும்.

சுற்றறிக்கை சொல்லும் காரணங்கள் நான்கு. வழிகாட்டும் ஆசிரியர்கள் போதவில்லை. அறிக்கைகள் நகலெடுக்கப்படுகின்றன, சில விலைக்கு வாங்கப்படுகின்றன, இப்போது செயற்கை நுண்ணறிவும் எழுதித் தருகிறது. நிறுவனங்கள் தரும் சான்றிதழ்களை நம்ப முடியவில்லை. எல்லா மாணவர்களுக்கும் ஒரே தரமான அனுபவம் கிடைப்பதில்லை. இவற்றில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை. எல்லாம் நடக்கிறது, எங்கள் கண் முன்னாலேயே நடக்கிறது. ஆனால் இந்த நான்கில் ஒன்றுகூட புராஜெக்ட் என்ற பாடத்தின் குறை என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பாடம் நடத்தப்பட்ட விதத்தின் குறைகள் இவை. அதை விளக்கும் முன், அந்தப் பாடம் எனக்கு என்ன கொடுத்தது என்று சொல்ல வேண்டும்.

நான் போனது ஒரு நடுத்தர மருத்துவமனையின் ரத்த மாதிரி எடுக்கும் பிரிவு. காலையில் கூட்டம் நெரியும். நோயாளிகள் சத்தம் போடுவார்கள். இன்னொரு கவுன்டர் திறந்து இன்னும் ஒரு டெக்னீஷியனை நியமித்தால் சரியாகிவிடும் என்று நிர்வாகம் ஏற்கெனவே எண்ணியிருந்தது. அதற்கு எண்களால் ஆதரவு தேடித் தருவதுதான் என்னிடம் எதிர்பார்க்கப்பட்ட வேலை. எனக்கும் அது எளிதாகவே தெரிந்தது. ஆபரேஷன்ஸ் பாடத்தில் ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிய விதியைப் படித்திருந்தோம்: வரிசையில் சராசரியாக நிற்பவர்களின் எண்ணிக்கை, ஒரு மணி நேரத்துக்கு வருகிறவர்களையும் ஒருவர் அங்கே கழிக்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். மணிக்கு 40 பேர் வந்து, ஒவ்வொருவரும் முக்கால் மணி நேரம் இருந்தால், எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் சராசரியாக 30 பேர் இருப்பார்கள். தேர்வில் இந்தக் கணக்கைத் தப்பில்லாமல் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

கணக்கு போட எண் வேண்டும். எண்ணுக்காக ஸ்டாப்வாட்சோடு போய் நின்றேன். நான் நின்றதுமே அங்கிருந்தவர்களின் கை வேகமெடுத்தது, பேச்சு நின்றது. நான் அளந்தது அந்த அறையின் வழக்கமான காலை அன்று, நான் அங்கே நிற்கும் காலை. வாட்சை மூடி வைத்துவிட்டு வேறு வழி தேட வேண்டியிருந்தது. பதிவு செய்யும்போது கொடுக்கும் டோக்கனில் ஒரு நேரம் அச்சாகிறது. குழாயில் ஒட்டும் லேபிளில் ஒரு நேரம் இருக்கிறது. மாதிரி ஆய்வகத்துக்குள் போனதும் அங்குள்ள பதிவில் ஒரு நேரம் விழுகிறது. யார் தலைமாட்டிலும் நிற்காமல், அந்த மூன்று நேரங்களையும் ஒட்டிப் பார்த்தாலே காத்திருப்பு எங்கே நடக்கிறது என்று தெரிந்துவிடும். இதை எனக்கு எந்தப் பாடப் பகுதியும் சொல்லித் தரவில்லை. அந்த இடமும், அங்கே எனக்கு ஏற்பட்ட சங்கடமும் சொல்லிக் கொடுத்தன.

ஒட்டிப் பார்த்தபோது எண்கள் எதிர்பார்த்த மாதிரி வரவில்லை. டோக்கனுக்கும் லேபிளுக்கும் இடையே பெரிய தாமதம் இல்லை. லேபிள் அச்சானதற்குப் பிறகுதான் நேரம் கரைந்தது. காரணம் புரியாமல் அங்கிருந்த மூத்த டெக்னீஷியன் அம்மாவிடம் போய்க் கேட்டேன். லேபிள் பிரிண்டர் பில் போடும் அறையில் இருக்கிறது, லேபிள்கள் அங்கே தட்டில் சேர்ந்து கிடக்கும், யாருக்காவது கை ஒழிந்தால் எழுந்து போய் மொத்தமாக அள்ளிக்கொண்டு வருவோம் என்றார். புதிய கவுன்டர் திறந்தாலும் அதே லேபிளுக்காக இன்னொருவர் கூடுதலாகக் காத்திருப்பார், அவ்வளவுதான். "இதை முன்னாடியே சொல்லலையா?" என்று கேட்டேன். "யாரும் எங்களைக் கேக்கலையேம்மா" என்றார்.

மூன்று ஆண்டுகளில் நான் கற்ற மேலாண்மையை ஒரு வரியில் சொல்லச் சொன்னால், அந்த அம்மா சொன்னதைத்தான் சொல்வேன். 'கீழிருந்து மேல் நோக்கிய தகவல் தொடர்பு' என்று நாங்கள் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறோம். அதன் தடைகளை வரிசைப்படுத்தியிருக்கிறோம். தடை என்பது இத்தனை ஆண்டு அனுபவமுள்ள ஒருவரிடம் யாரும் கேட்காமல் விட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதோடு முடியவில்லை. என் அறிக்கையை மருத்துவமனைக் கண்காணிப்பாளர் பொறுமையாகப் படித்தார். நல்ல கேள்விகள் கேட்டார். பிறகு, புதிய கவுன்டருக்கான ஒதுக்கீடு ஏற்கெனவே ஒப்புதலாகிவிட்டது, இனி வேண்டாம் என்று சொன்னால் அந்தத் தொகை திரும்பிப் போய்விடும் என்றார். பிரிண்டரை இடம் மாற்றினார்கள், கவுன்டரும் கட்டினார்கள். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், ஒரு முடிவு எப்படி எடுக்கப்படுகிறது, ஒப்புதலான தொகை எப்படிப் பிறகு முடிவுகளைத் தன் பின்னால் இழுக்கிறது, சரியான எண் மட்டும் ஏன் போதாது என்பதெல்லாம் அந்த ஒரு உரையாடலில் இருந்தன. சிமுலேஷனில் சரியான விடையை உள்ளிட்டால் லாபக்கோடு ஏறும். அங்கே கண்காணிப்பாளர் கிடையாது, திரும்பிப் போகிற ஒதுக்கீடு கிடையாது, எழுந்து போய் லேபிள் அள்ளி வருகிற அம்மா கிடையாது.

இனி நம் பாடநூல்களுக்கு வருகிறேன். நீங்கள் எங்களுக்குச் சொல்லித் தரும் பெயர்களில் பெரும்பாலானவை வேலைத்தளத்திலிருந்து வந்தவை. ஹென்றி ஃபயோல் சுரங்கப் பொறியாளர். 1888 முதல் முப்பது ஆண்டுகள் ஒரு சுரங்க, உலோக நிறுவனத்தைத் தலைமையேற்று நடத்தியவர். நாங்கள் மனப்பாடம் செய்யும் 14 கோட்பாடுகளை அவர் 1916-ல் வெளியிட்டது அந்த அனுபவத்தின் முடிவில். ஃபிரெடரிக் டெய்லர் எஃகு ஆலைகளில் நின்றவர். ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து தலைமை நிர்வாகிகளோடு ஆளுக்கு ஒரு வாரம் இருந்து, அவர்கள் செய்த ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். 1973-ல் அவர் வெளியிட்டதைப் பாருங்கள்: அவர்களுடைய வேலைகளில் பாதி ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை பத்தில் ஒன்றுதான். திட்டமிடுதல், ஒழுங்கமைத்தல், வழிநடத்துதல் என்று அமைதியாக அடுக்கப்பட்ட பட்டியலுக்கும் ஒரு நிர்வாகியின் உண்மையான காலைப் பொழுதுக்கும் எவ்வளவு தூரம் என்று உலகம் தெரிந்துகொண்டது ஒருவர் கூடவே போய்ப் பார்த்ததால். டொயோட்டாவில் டாய்ச்சி ஓனோ, பொறியாளர்களைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்த வட்டத்துக்குள் நிற்கவைத்து, வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கச் செய்வார் என்று உற்பத்தி மேலாண்மை வகுப்பில் எங்களுக்குச் சொன்னவர் உங்கள் குழுவிலேயே இருக்கிறார். அந்த வகுப்பை நான் மறக்கவில்லை, ஐயா. அதனால்தான் சுற்றறிக்கையில் உங்கள் கையெழுத்தையும் பார்த்தபோது வருத்தமாக இருந்தது.

களத்துக்குப் போகாதவருக்குப் புத்தகத்தில் இருப்பது எல்லாமே உறுதியான உண்மையாகத் தெரியும். இந்த ஆபத்து எனக்குப் பெரிதாகப் படுகிறது. டெய்லரின் வார்ப்பிரும்புக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 12½ டன் ஏற்றிய தொழிலாளி அறிவியல் முறைக்குப் பிறகு 47½ டன் ஏற்றினார் என்று ஒவ்வொரு ஆண்டும் நாங்கள் எழுதுகிறோம். சார்லஸ் ரெகியும் அமெடியோ பெரோனியும் மூல ஆவணங்களைத் தோண்டி எடுத்து, டெய்லர் சொன்ன கதையில் பல பகுதிகள் அவற்றோடு பொருந்தவில்லை என்று 1974-லேயே காட்டிவிட்டார்கள். மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கும் மாஸ்லோவின் பிரமிடை வரையச் சொல்லி வினாத்தாளில் கேட்கிறீர்கள். மாஸ்லோ 1943-ல் எழுதிய கட்டுரையில் பிரமிடே இல்லை. அதைப் பின்னால் வந்த வேறொருவர் வரைந்தார்.

ஹாத்தோர்ன் ஆய்வுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்டாப்வாட்சோடு நின்ற அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையில் 1924-ல் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் தொடங்கிய சோதனைகள் அவை. 'கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் தொழிலாளர்கள் அதிகம் உழைப்பார்கள்' என்று எங்கள் நோட்ஸில் ஒரே வாக்கியமாக இருக்கும். தொலைந்துபோனதாக நெடுங்காலம் கருதப்பட்ட அந்த வெளிச்சச் சோதனைத் தரவுகளைத் தேடிப் பிடித்து ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்டும் 2011-ல் மறுபடி கணக்கிட்டார்கள். பிரபலமாகச் சொல்லப்பட்ட அளவுக்கு விளைவு அந்தத் தரவுகளில் தெரியவில்லை. அதே ஆலையில் 1927-ல் தொடங்கிய, ரிலே என்ற மின்சுற்றுக் கருவியைப் பொருத்தும் அறைச் சோதனையிலோ, அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இரண்டு பெண்களை நடுவில் மாற்றி வேறு இருவரைச் சேர்த்தார்கள். ஆட்களையே மாற்றியபின் உற்பத்தி கூடியதற்கு எதைக் காரணம் சொல்வது? இந்தக் கேள்வி எந்த நோட்ஸிலும் இல்லை. புராஜெக்டுக்காக என் எண்களை நானே சந்தேகிக்க வேண்டி வந்தபோதுதான் அடுத்தவர் எண்களையும் சந்தேகிக்கத் தோன்றியது, நூலகத்தில் போய்த் தேடினேன். வகுப்பில் மட்டும் இருந்திருந்தால் அந்த ஒற்றை வாக்கியத்தோடு பட்டம் வாங்கியிருப்பேன்.

ஒரு நிறுவனத்தில் நடந்ததை எழுத்தில் கொடுத்து வகுப்பில் விவாதிக்கும் கேஸ் ஸ்டடி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். கேஸ் முறையை நான் மதிக்கிறேன். அதில் நடந்த விவாதங்கள்தான் என்னைப் பேச வைத்தன. ஆனால் கேஸில் வேறொருவர் ஏற்கெனவே தரவுகளைப் பொறுக்கிக் கொடுத்துவிடுகிறார். எதை விட்டார் என்று நமக்குத் தெரியாது. சேலஞ்சர் விண்கலம் 1986 ஜனவரி 28 அன்று வெடித்ததற்கு முந்தைய இரவு, ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் தாங்குமா என்று பொறியாளர்களும் மேலாளர்களும் தொலைபேசியில் விவாதித்தார்கள். வளையங்கள் பழுதான பயணங்களின் வெப்பநிலையைத்தான் பார்த்தார்கள். பழுதே இல்லாமல் போய் வந்த பயணங்களையும் அதே வரைபடத்தில் வைத்திருந்தால் குளிருக்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பு கண்ணில் பட்டிருக்கும். ஏழு பேர் இறந்தார்கள். மேசையில் இல்லாத தரவைக் கேட்டு வாங்கும் பழக்கம் ஒருவருக்கு எங்கிருந்து வரும்? தானே ஒருமுறையாவது தரவு திரட்டி, எதை விட்டோம் என்று வைவாவில் திணறினால்தான் வரும்.

சிமுலேஷனுக்கும் நான் எதிரி இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான பியர் விளையாட்டை இரண்டாம் ஆண்டில் ஆடினோம். சில்லறை விற்பனையாளர், மொத்த விற்பனையாளர், விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு பேர் ஒருவரோடு ஒருவர் பேசாமல் ஆர்டர் மட்டும் அனுப்ப வேண்டும். வாடிக்கையாளரின் தேவை ஒரே ஒருமுறைதான் மாறுகிறது, அதற்கே ஆலையின் முனையில் ஆர்டர்கள் தாறுமாறாக ஏறி இறங்கின. விநியோகச் சங்கிலியைப் பற்றி அதைவிட நல்ல பாடம் எனக்கு வகுப்பறையில் கிடைத்ததில்லை. ஒரு கருத்தைப் புரியவைக்க அது மிகச் சிறந்த வழி. பட்டத்தின் இறுதியில், இவர் கற்றுக்கொண்டார் என்று சான்று சொல்லும் இடத்தில் அதை வைப்பது தவறு. கரையில் நீந்தப் பழகியதைக் காட்டி ஆற்றைக் கடந்ததாகச் சான்றிதழ் தருவது போன்றது அது.

இப்போது உங்கள் காரணங்கள்.

நகல் அறிக்கைகள் பற்றி. அறிக்கை ஏன் நகலாகிறது? எங்கள் வைவா எப்படி நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பலருக்கு அது சில நிமிடங்களில் முடிந்தது. 'உங்கள் தலைப்பு என்ன, மாதிரி அளவு என்ன, முடிவு என்ன' என்ற கேள்விகளுக்கு விலைக்கு வாங்கியவரும் பதில் சொல்லிவிடலாம். எனக்கு வழிகாட்டிய ஆசிரியர் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: இந்த எண் எங்கிருந்து வந்தது? எந்தப் பதிவேடு, எந்த நாள், யார் கொடுத்தது, நீங்கள் நேரில் பார்த்தீர்களா என்று அடியாழம் வரை போவார். அந்தக் கேள்விக்கு வாங்கிய அறிக்கையால் பதில் சொல்ல முடியாது. செயற்கை நுண்ணறிவு எழுதிய அறிக்கையாலும் முடியாது. அழகான அறிக்கையை எந்தக் கருவியும் எழுதித் தந்துவிடும் இந்தக் காலத்தில், ஒரு மாணவர் உண்மையாக வேலை செய்தாரா என்று கண்டுபிடிக்க உதவுவது களக் குறிப்பேடும் நீண்ட வைவாவும்தான். அவற்றை ஒழித்துவிட்டு, நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் தேர்வைக் கொண்டுவந்தால் நேர்மை எப்படிக் கூடும் என்று எனக்குப் புரியவில்லை.

சான்றிதழ்களும் சமமற்ற அனுபவமும் பற்றி. இதைச் சொல்லும்போது எனக்கு ஆற்றாமை வருகிறது. எங்களுக்கு இடம் தேடித் தர புலத்தில் யாரும் இல்லை. ஏற்றுக்கொள்ளத் தயாரான நிறுவனங்களின் பட்டியல் இல்லை. அறிமுகக் கடிதம் செமஸ்டர் தொடங்கி வெகு நாள் கழித்து வந்தது. அதிலும் நாங்கள் என்ன செய்யப் போகிறோம், நிறுவனத்தின் தகவல்களை எப்படிப் பாதுகாப்போம் என்று ஒரு வரிகூட இல்லை. எந்த நிறுவனம் கதவைத் திறக்கும்? உறவினர் மேலாளராக இருந்தவர்களுக்கு உடனே இடம் கிடைத்தது. மற்றவர்கள் ஒவ்வொரு வரவேற்பறையிலும் காத்திருந்து, காவலாளியிடமே திரும்பிப் போகச் சொல்லப்பட்டு, கடைசியில் தெரிந்த யாரிடமோ முத்திரை வாங்கிவந்தார்கள். அவர்கள் செய்ததை நான் சரியென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளிய புறக்கணிப்பை யார் செய்தது? செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டு, விட்டதன் விளைவையே காரணமாகக் காட்டி அந்தப் பாடத்தை நீக்குவது நியாயமில்லை. புராஜெக்ட் போய்விட்டால் செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைகள் எப்படியும் உறவினர் நிறுவனங்களில் இன்டர்ன்ஷிப் செய்துகொள்வார்கள். மற்றவர்களுக்கு ஒரு நிறுவனத்தின் உள்ளே நுழைய இருந்த ஒரே வாசல் அடைபடும்.

ஆசிரியர் பற்றாக்குறை உண்மையான சிக்கல். ஒரே ஆசிரியருக்கு இத்தனை மாணவர்களைக் கொடுத்துவிட்டு, அவர் வழிகாட்டும் நேரத்தைப் பணிச்சுமையிலும் சேர்க்காமல் விட்டால் அவர் கையெழுத்து போடும் இயந்திரமாகத்தான் ஆவார். எங்கள் ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்காகவும் கேட்கிறேன்.

குழுவுக்கு ஒரே மதிப்பெண் என்ற விதியைப் பற்றியும் பேச வேண்டும், ஏனெனில் சுற்றறிக்கை அதைக் 'கூட்டு உழைப்பைக் கற்பிக்கும் முறை' என்று சொல்கிறது. நாங்கள் குழு அசைன்மென்ட்கள் நிறைய செய்தவர்கள். ஒருத்தி இரவெல்லாம் விழித்து எல்லோர் பங்கையும் எழுதினாள். இன்னொருவன் தாயை மருத்துவமனையில் வைத்துக்கொண்டு, குழுவிடம் சொல்லக் கூசி, வராமலே இருந்தான். பகலில் வேலைக்குப் போய்ப் படித்தவர்களால் குழு கூடும் நேரத்துக்கு வர முடியவில்லை. இன்னும் ஒருவர், எங்கள் எல்லோரையும்விட நன்றாகக் கணக்கு தெரிந்தவர், பிரசென்டேஷனில் பேசாததால் ஒன்றும் செய்யாதவர் என்று எண்ணப்பட்டார். எல்லோருக்கும் ஒரே மதிப்பெண். யாருக்கு எது வரும், எது வராது என்று எந்த ஆசிரியருக்கும் தெரியாமலே போயிற்று.

இதை விளக்கும் ஆய்வும் எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்சிமிலியன் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்தார். 1913-ல் வெளியான அவருடைய கணக்கில், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுப்பதில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே பங்களித்தார்கள். பிப் லட்டானேயும் உடன் ஆய்வாளர்களும் 1979-ல் கைதட்டவும் கூவவும் வைத்து, ஒருங்கிணைப்புக் குறைபாடு போக, முயற்சியே குறைகிறது என்று காட்டினார்கள். அதே குழுவினர் 1981-ல் அடுத்த படியையும் கண்டார்கள்: தன் பங்கு தனியாகத் தெரியவரும் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்தால் அந்தச் சோம்பல் மறைகிறது. நிறுவன நடத்தைப் பாடத்தில் இதை எங்களுக்குக் கற்பித்துத் தேர்வும் வைத்த புலம், தன் இறுதிப் பாடத்தை இதற்கு நேர் எதிராக அமைக்கலாமா? குழுவாக வேலை செய்யக் கற்றுத் தாருங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவர் பங்கும் வெளியே தெரியும்படி செய்யுங்கள்.

ஒரு விஷயம் விட்டுப்போகக் கூடாது. இப்போது முதல், இரண்டாம் ஆண்டில் இருக்கும் மாணவர்களில் பலர், இறுதியில் தனிநபர் புராஜெக்ட் உண்டு என்று சேர்க்கைக் கையேட்டில் பார்த்தே இந்தப் படிப்பைத் தேர்ந்தார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பாடத்திட்டக் குழுவில் மாணவர் பிரதிநிதி இருக்கிறார். ஆனால் முடிவெடுத்த கூட்டத்துக்கு அவர் அழைக்கப்படவில்லை என்பது அவரிடம் கேட்டபிறகே எங்களுக்குத் தெரிந்தது. மருத்துவமனையில் அந்த அம்மா சொன்ன அதே பதிலை எங்கள் ஜூனியர்கள் சொல்ல வேண்டிய நிலையில் நிற்கிறார்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

சுற்றறிக்கையை நிறுத்திவையுங்கள். எது எப்படி முடிந்தாலும், ஏற்கெனவே சேர்ந்து படிப்பவர்களுக்குப் பழைய விதியே பொருந்தும் என்று எழுத்தில் அறிவியுங்கள்.

தனிநபர் புராஜெக்டைக் கட்டாயப் பாடமாகவே வைத்திருங்கள். அதை ஒரே செமஸ்டரில் அடைக்காமல் இரண்டு செமஸ்டர்களுக்குப் பரப்புங்கள்: முதலில் இடம் தேடலும் கவனிப்பும், அடுத்து ஆய்வும் அறிக்கையும். வாராவாரம் தேதியிட்ட களக் குறிப்பேட்டை வழிகாட்டி பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அறிக்கையின் பக்க அளவுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணைக் குறைத்து, குறிப்பேட்டுக்கும் வைவாவுக்கும் பெரும்பங்கைக் கொடுங்கள். வைவா ஒருவருக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாமல், அவர் திரட்டிய மூலத் தரவை மேசையில் வைத்துக்கொண்டு நடக்கட்டும்.

புலத்தின் பெயரில் நிறுவனங்களோடு எழுத்துப்பூர்வ உடன்பாடு செய்து, ஏற்கத் தயாரான இடங்களின் பட்டியலை எல்லா மாணவர்களுக்கும் திறந்து வையுங்கள். பெரிய நிறுவனங்கள் மட்டும் போதாது. மருத்துவமனை, நூலகம், கூட்டுறவுச் சங்கம், தொண்டு நிறுவனம், சிறு பட்டறை எல்லாம் அதில் இருக்க வேண்டும். அறிமுகக் கடிதமும் தகவல் பாதுகாப்பு உறுதிமொழியும் செமஸ்டர் தொடங்கும் முன் எங்கள் கைக்கு வர வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பொறுப்பாக நியமியுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், தாங்கள் பணிபுரியும் நிறுவனத்திலேயே, தங்களுடையது அல்லாத வேறு பிரிவில் புராஜெக்ட் செய்ய அனுமதியுங்கள்.

ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர்கள் என்று உச்ச வரம்பு வையுங்கள். வழிகாட்டும் நேரத்தை ஆசிரியரின் பணிச்சுமையில் சேருங்கள். ஆள் போதவில்லை என்றால், அதற்கான நியமனத்தைப் பல்கலைக்கழக நிர்வாகத்திடம் நீங்கள் கேளுங்கள். மாணவர்கள் நாங்களும் உங்களோடு சேர்ந்து கேட்கிறோம்.

சிமுலேஷனை இரண்டாம் ஆண்டுக்குக் கொண்டு போங்கள். அங்கும் மற்ற எல்லாக் குழு அசைன்மென்ட்களிலும் மதிப்பெண்ணின் ஒரு பகுதி தனிநபருடையதாகவும், குழுவினர் ஒருவரை ஒருவர் மதிப்பிடுவதை ஆசிரியர் சரிபார்ப்பதாகவும் இருக்கட்டும். வீட்டுச் சூழலால் வர இயலாதவர் அதைக் குழுவிடம் சொல்லாமல் ஆசிரியரிடம் மட்டும் சொல்ல ஒரு வழி வையுங்கள்.

இந்தப் பொருளை மறுபடி விவாதிக்கும் கூட்டத்துக்கு மாணவர் பிரதிநிதியையும், புராஜெக்டை முடித்த முன்னாள் மாணவர்கள் இருவரையும் வாக்குரிமையோடு அழையுங்கள். கூட்டக் குறிப்புகளை வெளியிடுங்கள். இந்த மடலுக்கான பதிலை, ஏற்பதானாலும் மறுப்பதானாலும், கல்விப் பேரவையின் அடுத்த கூட்டத்துக்கு முன் காரணங்களோடு எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
மேலாண்மை இளநிலை, இறுதியாண்டு மாணவி